அரசு ஊழியரின் வீட்டு முகவரியைத் தகவல் உரிமை மனுவில் கேட்டால் கொடுத்துவிடுவார்களா?

சகோதரி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். உரிமம் கேட்டு வந்த ஒரு விண்ணப்பம் விதிகளுக்கு உட்பட்டதாக இல்லை என்று கோப்பில் குறிப்பு எழுதினீர்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அடுத்த மாதமே அந்த நபர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுவிட்டார். உங்கள் ஊதியம், இதுவரை பணியாற்றிய இடங்கள், எடுத்த விடுப்பு, சொத்து விவரம், கல்விச் சான்று, துறை நடவடிக்கை ஏதும் உண்டா, வீட்டு முகவரி, கைபேசி எண், கணவர் எங்கே வேலை பார்க்கிறார், கூடவே அந்தக் கோப்பின் நகல் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் கேட்டிருக்கிறார். ‘தங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்’ என்று பொதுத் தகவல் அலுவலரிடமிருந்து உங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது. இதை மொத்தமாகத் தடுக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் எனக்குக் கேட்கிறது: அரசு வேலையில் சேர்ந்துவிட்டால் என் வீட்டு வாசல் வரை ஊருக்குச் சொந்தமாகிவிடுமா?

ஆகாது. அதே சமயம் மொத்தமாகத் தடுக்கவும் முடியாது, தடுக்க முயல்வது உங்களுக்கே நல்லதும் இல்லை. அந்தச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்த சில மாதங்களில் என்னைப் பொதுத் தகவல் அலுவலராக நியமித்தார்கள். பிறகு மேல்முறையீட்டு அலுவலராகவும் இருந்து ஓய்வு பெற்றேன். நான் வழக்கறிஞர் இல்லை. நீதிமன்றம் வரை போகும் நிலை வந்தால் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். அலுவலகத்துக்குள் இந்த மனு எப்படி நகரும், எந்த மேசையில் எது தவறிப் போகும் என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஐயத்துக்கு இடமில்லாதவற்றிலிருந்து தொடங்குகிறேன். கோப்பின் நகலை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அதில் உங்கள் குறிப்பும் பெயரும் பதவியும் தேதியும் இருக்கும், இருக்க வேண்டும். தன் விண்ணப்பத்தை யார் பார்த்தார்கள், என்ன காரணம் எழுதினார்கள் என்பதை அறியும் உரிமை அவருடையது. நீங்கள் விதிப்படி எழுதியிருந்தால் அந்தப் பக்கம்தான் உங்களுக்குப் பெரிய காவல். அதை மறைக்கச் சொல்லி நீங்கள் எழுதினால் மற்ற எல்லா ஆட்சேபத்தின் மதிப்பும் குறைந்துவிடும். ஊதியமும் அப்படியே. சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவின்படி ஒவ்வோர் அலுவலகமும் தன் அலுவலர்கள், ஊழியர்களின் பெயர்ப் பட்டியலையும் அவர்கள் பெறும் மாத ஊதியத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். பெயர், பதவி, எந்தப் பிரிவு, மாதம் எவ்வளவு ஊதியம், அலுவலகத் தொலைபேசி எண்: இவை மக்கள் பணத்தில் நடக்கும் நாற்காலியைப் பற்றிய விவரங்கள். ஊதியப் பட்டியலின் வலப்பக்கம் வேறு கதை. வருங்கால வைப்பு நிதிக்கு எவ்வளவு, வீட்டுக் கடனுக்கு எவ்வளவு, கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு எவ்வளவு என்ற பிடித்தங்கள் உங்கள் குடும்பத்தைப் பற்றியவை. மொத்த ஊதியத்தைச் சொல்லிவிட்டுப் பிடித்தங்களை மறைப்பதுதான் நான் கடைப்பிடித்த வழக்கம்.

வீட்டு முகவரி, சொந்தக் கைபேசி எண், கணவரின் வேலை, வங்கிக் கணக்கு எண், வருமான வரி நிரந்தரக் கணக்கு எண் ஆகியவற்றை அவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதை 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டமே தடுக்கிறது. அரசு வாங்கிக் கொடுத்த சிம்கார்டு எண்ணாக இருந்தால் மட்டும் நிலைமை மாறும். அது பதவியோடு வருவது, நீங்கள் மாறுதலில் போனால் அடுத்தவர் கைக்குப் போய்விடும். கணவரைப் பற்றிய கேள்விக்கு ‘இந்த அலுவலகத்துக்குத் தொடர்பில்லாதது’ என்று ஒரே வரியில் பதில் எழுதலாம்.

வீட்டு முகவரி விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2020 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் எஸ்தர் சலாஸ் என்ற கூட்டாட்சி நீதிபதியின் வீட்டுக் கதவைக் கூரியர் கொண்டுவந்தவரைப் போல ஒருவன் தட்டினான். அவன் அவர் முன் வழக்காடிய வழக்கறிஞர். கதவைத் திறந்த இருபது வயது மகன் சுட்டுக் கொல்லப்பட்டார், கணவர் படுகாயமடைந்தார். நீதிபதிகளின் வீட்டு முகவரியைப் பொதுவெளியிலிருந்து நீக்குவதற்காக அந்த மாநிலம் அதே ஆண்டிலும், அமெரிக்க நாடாளுமன்றம் 2022-லும் அந்த மகனின் பெயரிலேயே சட்டம் இயற்றின. நம் நாட்டில் கதை மறுபக்கத்திலும் நடந்திருக்கிறது. சட்டவிரோதச் சுரங்கங்களுக்கு எதிராகத் தகவல் உரிமையைப் பயன்படுத்திப் போராடிய அமித் ஜேத்வா, 2010 ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மனுதாரரின் முகவரியும் கொல்லும், அதிகாரியின் முகவரியும் கொல்லும். ஆகவே உங்கள் முகவரியை மறைக்கச் சொல்லும் அதே வேகத்தில், மனு போட்டவரின் முகவரியை அலுவலகத்தில் யாரும் படமெடுத்துப் பகிரக் கூடாது என்றும் சொல்வேன். அவர் மேல் உங்களுக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் சரி.

இனி வழுக்கும் இடங்களுக்கு வருகிறேன். துறை நடவடிக்கை, சொத்து விவரம், பணிமாறுதல், விடுப்பு, கல்விச் சான்று ஆகிய ஐந்தும் இரண்டு கரைக்கும் நடுவில் நிற்பவை. கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஓர் ஊழியருக்குக் கொடுக்கப்பட்ட குறிப்பாணைகள், தண்டனைகள், அவருடைய சொத்து, வருமான வரிக் கணக்கு எல்லாம் தனிப்பட்ட தகவல்களே, பெரிய பொதுநலன் இருந்தால்தான் கொடுக்கலாம் என்று சொன்னது. கனரா வங்கி எழுத்தர்களின் பணியிட, மாறுதல் விவரங்களைக் கேட்ட வழக்கிலும் 2017-ல் அதே வழியில் தீர்ப்பு வந்தது. 2019 நவம்பர் 13 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, தலைமை நீதிபதி அலுவலகமும் தகவல் உரிமைக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு முகவரி, மதிப்பெண், கல்வித் தகுதி, பணி மதிப்பீடு, ஒழுங்கு நடவடிக்கை, மருத்துவக் குறிப்பு, சொத்து என்று ஒரு நீண்ட பட்டியலைத் தனிப்பட்ட தகவல் என வகைப்படுத்தியது. பொதுநலன் நிரூபிக்கப்பட்டால் கொடுக்கலாம் என்ற வாசலையும் திறந்து வைத்தது.

இந்தத் தீர்ப்புகளைக் காட்டி ஐந்தையும் மறுத்துவிட அலுவலகம் முயலும். நானாக இருந்தால் அவ்வளவு எளிதாக முடிக்க மாட்டேன். நீங்கள் எந்தெந்த அலுவலகத்தில் எந்தப் பதவியில் இருந்தீர்கள் என்பது ரகசியமே இல்லை. ஒவ்வொரு மாறுதல் ஆணையும் பலருக்கு நகலிடப்பட்ட காகிதம். ஏன் மாறுதல் கேட்டீர்கள் என்பது உங்களுடையது. எத்தனை நாள் பணிக்கு வரவில்லை என்பதை ஊர் கேட்கலாம். அந்த நாட்களில் எந்த மருத்துவமனையில் என்ன சிகிச்சை எடுத்தீர்கள் என்பதை ஒருவரும் கேட்கக் கூடாது. தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் பெரிய தண்டனைக்குரிய 17(ஆ) குற்றச்சாட்டு நிரூபணமாகித் தண்டனை வழங்கப்பட்டிருந்தால், அதுவும் லஞ்சம் தொடர்பானதாக இருந்தால், அதை மறைப்பதை என் மனம் ஏற்காது. விசாரணை முடியாத ஒரு குறிப்பாணையைக் கொடுத்துவிட்டால், பிறகு குற்றமற்றவர் என்று ஆணை வந்தாலும் பட்ட பெயர் திரும்பாது. கல்விச் சான்றில், அந்தப் பதவிக்கு வேண்டிய தகுதி இருக்கிறதா என்பதைச் சொல்லிவிடலாம், மதிப்பெண் பட்டியல் நகல் வேண்டியதில்லை. சான்று போலி என்று குறிப்பாக ஒரு புகார் இருந்தால் கணக்கு மாறும். இவை என் தனிப்பட்ட தீர்மானங்கள். இதற்கு நேர்மாறாக முடிவெடுத்த நேர்மையான அலுவலர்களையும் பார்த்திருக்கிறேன்.

சொத்து விவரத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தேர்தலில் நிற்பவர் தன் சொத்தை வாக்காளருக்குச் சொல்ல வேண்டும் என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்திய ஆட்சிப் பணி அதிகாரிகளின் அசையாச் சொத்து அறிக்கைகள் மத்தியப் பணியாளர் துறையின் இணையதளத்திலேயே பார்க்கக் கிடைத்து வந்திருக்கின்றன. உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் 2025 மே மாதத்தில் தங்கள் சொத்து விவரங்களை நீதிமன்ற இணையதளத்தில் வெளியிட்டார்கள். பதவி உயர உயர இந்தத் திரை விலகத்தான் வேண்டும். அமைச்சருக்கும் அலுவலக உதவியாளருக்கும் ஒரே அளவுகோல் வைப்பது நியாயம் இல்லை. உங்கள் நிலையில் இருப்பவரின் நகைக் கடனும் மனை வாங்கிய கடனும், குறிப்பான ஊழல் புகார் இல்லாதவரை, யாருக்கும் தேவையில்லை.

இப்போது சட்டமே மாறியிருக்கிறது, அதைத் தெரியாமல் நீங்கள் பதில் எழுதக் கூடாது. தனிப்பட்ட தகவலைப் பற்றிய பழைய 8(1)(ஞ) பிரிவு, ஆங்கிலத்தில் 8(1)(j), ஒரு தராசைப் போல இருந்தது. பொதுப்பணிக்குத் தொடர்பில்லாத தனிப்பட்ட தகவல், அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றி நுழையும் தகவல் என்றால் மறுக்கலாம், பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்றது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைத் தனி மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் கூடவே இருந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 44(3) பிரிவின் மூலம் அவ்வளவையும் எடுத்துவிட்டு, ‘தனிப்பட்ட தகவல் தொடர்பானது’ என்ற ஒரே தொடரை அங்கே வைத்தது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது.

உங்களுக்கு இது இனிப்பான செய்தியாகத் தோன்றலாம். எனக்கு வருத்தமான செய்தி. உங்கள் வீட்டு முகவரிக்குப் பழைய பிரிவே போதுமான பூட்டு. புதிய பிரிவு வீட்டைப் பூட்டுவதோடு நிற்காமல் அலுவலகத்தையும் சேர்த்துப் பூட்ட வழிசெய்கிறது. பெயர் இருக்கும் எந்தக் காகிதத்தையும் தனிப்பட்ட தகவல் என்று சொல்லிவிடலாமே! பொய் வருகைப் பட்டியலில் கூலி எடுத்தவர்களின் பெயரும் தனிப்பட்ட தகவல்தான், அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பொறியாளரின் பெயரும் தனிப்பட்ட தகவல்தான் என்று வாதிட ஒரு சோம்பேறி அலுவலருக்கு இதுவே போதும். இருந்தாலும் இரண்டு கதவுகள் இன்னும் திறந்திருக்கின்றன. மறைப்பதால் காக்கப்படும் நலனைவிட வெளியிடுவதன் பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்ற 8(2) பிரிவை யாரும் தொடவில்லை. அலுவலகம் தானாக வெளியிட வேண்டியவற்றைச் சொல்லும் 4-ஆம் பிரிவும் அப்படியே இருக்கிறது. சட்டக் கடமையின்படி பொதுவில் வெளியிடப்பட்ட விவரத்துக்குத் தன் விதிகள் பொருந்தாது என்று தரவுப் பாதுகாப்புச் சட்டமே தன் 3-ஆம் பிரிவில் சொல்கிறது. ஆகவே ஊதியமும் பெயரும் பதவியும் இனி ரகசியம் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால் அது தவறு. மற்ற நடுக்கரை விஷயங்களில் புதிய பிரிவைத் தகவல் ஆணையங்களும் நீதிமன்றங்களும் எவ்வளவு அகலமாக வாசிக்கும் என்பது இனி வரும் ஆணைகளைப் பொறுத்தது.

சட்டத்தைவிட அதிகமாக நான் கவலைப்படுவது நகல் எடுக்கும் மேசையைப் பற்றி. நான் பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டில் ஓர் ஊழியரின் பணிப்பதிவேட்டுப் பக்கத்தைக் கேட்டு மனு வந்தது. பதவி உயர்வுத் தேதி இருக்கும் பகுதியைக் கொடுக்கலாம், முகவரியை மறைக்க வேண்டும் என்று ஆணை எழுதினேன். பிரிவு எழுத்தர் நகல் எடுத்து, முகவரி வரிகளின் மேல் கறுப்பு மார்க்கரால் பட்டையாகக் கோடு போட்டு அனுப்பிவிட்டார். நானும் பார்த்துக் கையெழுத்திட்டேன். மேசையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் தாளைத் தூக்கிப் பிடித்தால், மைக்குக் கீழே நகல் இயந்திரத்தின் எழுத்து பளபளவென்று கதவு எண்ணோடு தெரிந்தது. ஒரு வாரத்தில் மனுதாரர் அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். கெட்டது எதுவும் நடக்கவில்லை, ஆனால் அந்த ஊழியரின் தாயார் பல நாட்கள் கதவைத் தாழிட்டே வைத்திருந்தாராம். அந்தக் கையெழுத்து என்னுடையது. அன்றிலிருந்து, மறைக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாள் துண்டை ஒட்டி நகல் எடுத்து, அந்த நகலை மறுபடி நகலெடுத்த பிறகுதான் அனுப்பினேன். கணினியில் பிடிஎஃப் கோப்பின் மேல் கறுப்புப் பெட்டி வரைவது இதைவிட ஆபத்து. எழுத்தைத் தேர்ந்தெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் பெட்டிக்குக் கீழே இருப்பது முழுவதும் வந்து விழும். அச்செடுத்து, மறைத்து, ஸ்கேன் செய்து அனுப்புவதே பாதுகாப்பு.

இப்படிப் பகுதியைப் பிரித்து மறைப்பதற்குச் சட்டத்தில் 10-ஆம் பிரிவு இருக்கிறது. தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று 2011-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், திருத்தியவரின் கையெழுத்தும் அடையாளமும் மறைக்கப்பட வேண்டும் என்று அதே பிரிவைக் காட்டித்தான் சொன்னது. ஒரு காகிதத்தில் ஒரு வரி தனிப்பட்டது என்பதற்காக முழுக் காகிதத்தையும் மறுப்பது அந்தப் பிரிவுக்கு எதிரானது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊழியர்களின் அந்தரங்கம் மனுக்களின் வழியாகக் கசிவதைவிட அலுவலகத்தின் வழக்கமான வேலையில்தான் அதிகம் கசிகிறது. பணிமூப்புப் பட்டியலைப் பிறந்த தேதியோடு அப்படியே இணையத்தில் ஏற்றுவார்கள். மாறுதல் முன்னுரிமைப் பட்டியலில் பெயருக்கு நேரே ‘புற்றுநோய் சிகிச்சை’ என்று அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். எல்லோருடைய கைபேசி எண்ணும் இருக்கும் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட, மாலைக்குள் அது பத்துக் குழுக்களில் இருக்கும். உங்கள் முகவரி ஏற்கெனவே எங்காவது இப்படிக் கிடக்கிறதா என்று துறையின் இணையதளத்தில் உங்கள் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் பக்கத்தின் நகலோடு எழுத்துமூலம் நீக்கச் சொல்லிக் கேளுங்கள். மனுதாரருக்கு மறுக்கும் விவரம் இணையத்தில் கிடந்தால் உங்கள் ஆட்சேபம் நிற்காது.

இனி உங்கள் பதில் கடிதம். உங்களுக்கு வந்திருப்பது 11-ஆம் பிரிவின் கீழ் மூன்றாம் தரப்புக்கு அனுப்பும் அறிவிப்பு. அது கைக்கு வந்த நாளிலிருந்து பத்து நாள் உங்களுக்கு உண்டு. மனு கிடைத்த நாளிலிருந்து நாற்பது நாளுக்குள் பொதுத் தகவல் அலுவலர் முடிவெடுப்பார். உங்கள் ஆட்சேபத்தை அவர் கருத்தில் கொள்ள வேண்டும், அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று இல்லை. ‘பழிவாங்கக் கேட்கிறார்’ என்று எழுதாதீர்கள். மனுதாரர் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று 6(2) பிரிவு சொல்கிறது, ஆகவே அவருடைய நோக்கத்தைப் பற்றிய வாதம் எடுபடாது. கேட்கப்பட்ட ஒவ்வொன்றையும் வரிசையாக எடுத்து, கோப்பு நகலுக்கும் ஊதியத்துக்கும் ஆட்சேபம் இல்லை என்று முதலில் எழுதுங்கள். பிறகு முகவரி, கைபேசி எண், கணவர் பற்றிய விவரம், மருத்துவ விடுப்பின் காரணம், சொத்து விவரம் ஒவ்வொன்றுக்கும் ஏன் கூடாது என்று இரண்டு வரி எழுதுங்கள். அவர் நேரிலோ தொலைபேசியிலோ மிரட்டியிருந்தால் தேதி, நேரம், என்ன சொன்னார் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டு, ஒருவரின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வரும் தகவலை மறுக்கும் 8(1)(எ) பிரிவைச் சுட்டுங்கள். அந்தப் பிரிவைத் திருத்தம் தொடவில்லை, உங்கள் நிலைமைக்கு 8(1)(ஞ)-வைவிட அதுவே வலுவானது. மிரட்டல் இல்லை என்றால் அதைக் கற்பனையாகச் சேர்க்க வேண்டாம்.

உங்கள் ஆட்சேபத்தை மீறிக் கொடுக்க அவர் முடிவெடுத்தால் அந்த ஆணையை உங்களுக்கும் அனுப்ப வேண்டும். அதன் தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலரிடம் நீங்களும் முறையிடலாம். கடிதத்தைப் பிரிவு எழுத்தர் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரையும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் வீட்டு முகவரியை எழுத வேண்டாம். அந்தக் கடிதமும் நாளை ஒரு கோப்பில்தான் இருக்கப் போகிறது.